பவர்சேவ் போட்டால் செயலி படுத்துவிடுமா? கெர்னலில் வேக டிரைவர், கவர்னர் பற்றிய இழை

9 மார்ச் 2024, பொட்டிதட்டி கேட்டது

டெபியன் லினக்ஸ் கொடுத்த கெர்னலை (இயங்குதளத்தின் கரு) விட்டுவிட்டு 6.6 பதிப்பை நானே கம்பைல் செய்து போட்டிருக்கிறேன். லேப்டாப்பில் இன்டெல் ஐ5-8250யூ. பழைய டெஸ்க்டாப்பில் ஆன்டிமாண்ட், கன்சர்வேட்டிவ் என்று கவர்னர் (செயலி எந்த வேகத்தில் ஓடுவது என்று தீர்மானிக்கும் விதி) பட்டியல் நீளமாக வரும். இதில் பெர்ஃபார்மன்ஸ், பவர்சேவ் இரண்டே இரண்டுதான். மெனுகான்ஃபிக்கில் (கம்பைலுக்கு முன் கெர்னல் அமைப்புகளைத் தேர்வு செய்யும் மெனு) எல்லாவற்றையும் டிக் செய்தும் மற்றவை வரவில்லை. இப்போது பவர்சேவில் நிற்கிறது. பவர்சேவ் என்றால் எப்போதும் அடிமட்ட வேகம்தானே? செயலியின் வேகத்தை மாற்றும் இன்டெல் பி-ஸ்டேட் டிரைவரைத் தூக்கிவிட்டுப் பழைய ஏசிபிஐ டிரைவருக்கே போவதுதான் சரி என்பது என் கட்சி. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

9 மார்ச் 2024, இரவு

மறுக்கிறேன். எதையும் தூக்க வேண்டாம்.

கவர்னர் பெயரைப் படிக்கும் முன் டிரைவர் பெயரைப் படியுங்கள். சிஸ்எஃப்எஸ்ஸில் (கெர்னல் தன் நிலையைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) சிபியு0 டைரக்டரிக்குள் சிபியுஃபிரெக், அதற்குள் ஸ்கேலிங் டிரைவர் என்று ஒரு கோப்பு. கேட் கட்டளை போட்டுப் படித்தால் ஒரே ஒரு பெயர் வரும். உங்களுக்கு இன்டெல் பி-ஸ்டேட் என்றுதான் வரும். அப்படி வந்தால் அந்த டிரைவர் ஆக்டிவ் மோடில் இருக்கிறது. ஆக்டிவ் மோடில் கெர்னலின் பொதுக் கவர்னர்களுக்கு உள்ளே இடம் கிடையாது. டிரைவர் தன் கணக்கைத் தானே போட்டுக்கொள்ளும். அது காட்டும் பெர்ஃபார்மன்ஸ், பவர்சேவ் இரண்டும் அதன் சொந்தச் சரக்கு. பெயரை மட்டும் பொதுக் கவர்னர்களிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறது.

ஏசிபிஐ டிரைவரின் கீழ் பவர்சேவ் போட்டால் நீங்கள் பயப்படுகிறபடியே நடக்கும். கீழ் எல்லை எவ்வளவோ அங்கேயே நிற்கும். பி-ஸ்டேட்டின் பவர்சேவ் சுமைக்குத் தக்கபடி ஏறி இறங்கும். குணத்தில் அது ஆன்டிமாண்டுக்குத்தான் நெருக்கம். இந்த ஒரு பெயர்க் குழப்பத்தால் எத்தனை பேர் லேப்டாப்பைப் பெர்ஃபார்மன்ஸில் போட்டுவிட்டு ஃபேன் சத்தத்தோடு குடும்பம் நடத்துகிறார்களோ!

இன்னொன்று. உங்களுடையது எட்டாம் தலைமுறை. 2015இல் ஸ்கைலேக்கோடு வந்த எச்டபிள்யூபி அதில் உண்டு. இன்டெல் விளம்பரங்களில் ஸ்பீட் ஷிஃப்ட் என்று வருவது இதுதான். எச்டபிள்யூபி இயங்கும்போது வேகத்தைச் சில்லே முடிவு செய்கிறது. கெர்னல் ஒரு கீழ் எல்லை, ஒரு மேல் எல்லை, ஈபிபி என்ற ஒரு விருப்ப எண், இம்மூன்றையும் எழுதி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஈபிபி 0 என்றால் வேகம்தான் பெரிது, 255 என்றால் மின்சாரம்தான் பெரிது. எண்ணுக்குப் பதில் பெயரையும் எழுதலாம்: பெர்ஃபார்மன்ஸ், பேலன்ஸ்-பெர்ஃபார்மன்ஸ், பேலன்ஸ்-பவர், பவர். நடுவில் உள்ள இரண்டும் 128, 192. கவர்னரை விட்டுவிட்டு இதைத் திருகிப் பாருங்கள்.

10 மார்ச் 2024

மெனுகான்ஃபிக் விஷயத்துக்கு நேற்று பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குள் சிபியு ஃபிரீக்வன்சி ஸ்கேலிங் இருக்கிறது. அங்கே இன்டெல் பி-ஸ்டேட்டுக்கு ஆம் அல்லது இல்லைதான், மாட்யூலாக (தேவைப்படும்போது ஏற்றும் தனித் துண்டு) வைக்க முடியாது. ஏசிபிஐ டிரைவரை மாட்யூலாக வைக்கலாம். இரண்டும் இருந்தாலும் சண்டை வராது, ஏனென்றால் ஒரு நேரத்தில் ஒரு டிரைவர்தான் பதிவாக முடியும். பி-ஸ்டேட் பூட்டிலேயே முந்திக்கொள்ளும், மற்றது ஏற முடியாமல் திரும்பிவிடும்.

டீஃபால்ட் கவர்னராக ஸ்கெட்யூடில் (பொதுக் கவர்னர்களில் ஒன்று) கொடுத்தும் பவர்சேவ் வந்து நிற்கிறதே என்று கேட்கலாம். ஆக்டிவ் மோடுக்கு ஸ்கெட்யூடில் என்றால் என்னவென்றே தெரியாது. தெரியாத பெயர் வந்தால் தன் பவர்சேவோடு எழுந்துகொள்ளும். பிழை ஒன்றும் இல்லை.

நீளப் பட்டியல்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால் மறுபடி கம்பைல் செய்யத் தேவையில்லை. சிபியு டைரக்டரிக்கு அடியில் இன்டெல் பி-ஸ்டேட் என்றே ஒரு டைரக்டரி, அதில் ஸ்டேட்டஸ் கோப்பு. ரூட்டாக (நிர்வாகியாக)ப் போய் பேசிவ் என்று எழுதுங்கள். டிரைவர் பெயர் இன்டெல் சிபியுஃபிரெக் என்று மாறும், நீங்கள் டிக் செய்த கவர்னர்கள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். திருப்தி ஆனதும் ஆக்டிவ் என்று எழுதித் திரும்பிவிடுங்கள்.

என் கான்ஃபிக்: ஸ்கெட்யூடில் உள்ளேயே, ஆன்டிமாண்ட் மாட்யூல், யூசர்ஸ்பேஸ் கிடையாது.

10 மார்ச் 2024, மாலை

மேலே எழுதியதற்கு ஒரு ஒட்டு. ஆக்டிவ் மோடுதான் வழக்கம் என்பது எச்டபிள்யூபி உள்ள சில்லுகளுக்கு. அது இல்லாத பழைய இன்டெல்களில் (சாண்டி பிரிட்ஜ், ஹாஸ்வெல் காலத்தவை) 5.8 கெர்னலில் இருந்து பேசிவ்தான் தானாக வரும். ஒரே டிஸ்ட்ரோ, ஒரே கெர்னல், இரண்டு லேப்டாப், இரண்டு விதமான பட்டியல் என்றால் காரணம் இதுவாக இருக்கும்.

13 மார்ச் 2024

"கான்கியில் (திரையில் நிலவரம் காட்டும் நிரல்) பார்த்தால் வேகம் தாறுமாறாகக் குதிக்கிறது, சும்மா இருக்கும்போதே 3 கிகாஹெர்ட்ஸ் காட்டுகிறது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

ஒவ்வொரு நொடியும் எல்லாக் கோர்களையும் தட்டி எழுப்பி "எவ்வளவு வேகத்தில் தூங்குகிறாய்?" என்று கேட்டால் வேறு எப்படிப் பதில் வரும்? தூங்கும் கோருக்கு வேகம் என்று ஒன்று இல்லவே இல்லை. எழுந்த அந்தக் கணத்தின் வேகம்தான் உங்கள் திரையில் தெரிகிறது.

வேகத்தை அளக்கும் டர்போஸ்டாட் நிறுவிக்கொள்ளுங்கள். கெர்னல் மூலத்துக்குள்ளேயே டூல்ஸ் டைரக்டரியில் இருக்கிறது. அதில் சராசரி மெகாஹெர்ட்ஸ் ஒரு பத்தி, பிஸி மெகாஹெர்ட்ஸ் இன்னொரு பத்தி. வேலை செய்த நேரத்தில் மட்டும் என்ன வேகம் என்பது பிஸி. தூக்கத்தையும் சேர்த்து வகுத்தால் சராசரி. பிஸி 3000, சராசரி 40 என்று காட்டினால் அது ஆரோக்கியமான இயந்திரம். கொஞ்ச நேரம் எழுந்து, வேலையை முடித்து, மறுபடி தூங்கியிருக்கிறது.

17 மார்ச் 2024

பொட்டிதட்டி ஈபிபியை மாற்றப் போய், சாதனம் பிஸி என்று பிழை வாங்கியிருக்கிறார். கவர்னர் பெர்ஃபார்மன்ஸில் இருக்கிறது, அதனால்தான். ஆக்டிவ் மோடில் கவர்னரைப் பெர்ஃபார்மன்ஸில் வைத்தால் ஈபிபி 0இல் பூட்டிக்கொள்ளும், 0 தவிர எதை எழுதினாலும் மறுக்கும். முதலில் பவர்சேவுக்கு மாற்றுங்கள், பிறகு ஈபிபியை எழுதுங்கள்.

யார் பெர்ஃபார்மன்ஸில் போட்டது என்கிறீர்களா? டிஎல்பி, பவர்-ப்ரொஃபைல்ஸ்-டெமன், ஆட்டோ-சிபியுஃபிரெக் என்ற மின்சிக்கன நிரல்கள் மூன்றும் நிறுவியிருக்கிறீர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மூன்றுமே ஒரே கோப்பில் எழுதுகிறவை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் நீக்குங்கள். எதை வைப்பது? டெஸ்க்டாப் சூழல் க்னோம், கேடிஈ என்றால் பவர்-ப்ரொஃபைல்ஸ்-டெமன், அதற்கு மெனுவிலேயே பொத்தான் இருக்கிறது. கையால் எல்லாவற்றையும் திருகிப் பார்க்கிற ஜாதி என்றால் டிஎல்பி.

24 மார்ச் 2024

இழையில் சூடான விவாதம்: பெர்ஃபார்மன்ஸில் ஓடவிட்டால் வேலை சீக்கிரம் முடிந்து செயலி சீக்கிரம் தூங்கும், எனவே அதுதான் சிக்கனம் என்று ஒரு தரப்பு.

பாதி உண்மை. செயலி தின்னும் மின்சாரம் தோராயமாக வேகத்துக்கு நேர் விகிதம், ஆனால் வோல்டேஜின் இருமடிக்கும் நேர் விகிதம். வேகம் கூடினால் வோல்டேஜும் கூட வேண்டும். அதனால் டர்போவின் (வழக்கமான வேகத்தைத் தாண்டிய தற்காலிக வேகம்) கடைசி சில நூறு மெகாஹெர்ட்ஸ் எப்போதும் கொள்ளை விலை. மறுபக்கம், ரொம்பக் கீழே இறக்கினாலும் லாபம் இல்லை. வோல்டேஜ் ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்காது, வேலை மட்டும் இழுத்துக்கொண்டே போகும், அதுவரை திரை, மெமரி, எஸ்எஸ்டி எல்லாம் விழித்திருக்கும். சிக்கனம் இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது.

நான் என் லேப்டாப்பில் செய்வது: கெர்னல் கம்பைலுக்கு முன் டர்போவை அணைத்துவிடுவேன். பி-ஸ்டேட் டைரக்டரியில் நோ-டர்போ கோப்பில் 1. (ஏசிபிஐ டிரைவர் என்றால் சிபியுஃபிரெக்கின் கீழ் பூஸ்ட் கோப்பில் 0. இரண்டும் எதிரெதிர் எண், மாற்றி எழுதிவிடாதீர்கள்.) கம்பைல் நேரம் கூடத்தான் செய்கிறது, ஆனால் பயந்த அளவுக்கு இல்லை. மே மாத மதியத்தில், ஏசி இல்லாத அறையில், நேரம் கூடுவதே தெரிவதில்லை. டர்போ இருந்தாலும் சூட்டில் அது நிலைப்பதில்லையே.

இதில் இன்னொரு நெளிவு உண்டு. 8250யூ ஒரு 15 வாட் சில்லு. டர்போ உச்சம் 3.4 கிகாஹெர்ட்ஸ். எல்லாக் கோரும் முழுச் சுமையில் இருந்தால் ஆரம்பத்தில் கொஞ்ச நேரம் உயரே நிற்கும், பிறகு நீண்டகால மின் எல்லை வந்து கழுத்தைப் பிடிக்கும். அந்த எல்லையைத் தொட்டபின் கவர்னர் எதுவாக இருந்தாலும் வேகம் ஒன்றுதான். பெர்ஃபார்மன்ஸ், பவர்சேவ் இரண்டுக்கும் கம்பைல் நேரம் ஏறத்தாழ ஒன்றாக வருகிறதே என்று வியப்பவர்களுக்கு விடை இது.

25 மார்ச் 2024

அந்த எல்லையை எங்கே பார்ப்பது என்று இரண்டு பேர் கேட்டார்கள். பவர்கேப் டைரக்டரியில் இன்டெல்-ராப்பிள். மைக்ரோவாட்டில் இருக்கும், ஆறு சுழியத்தை வெட்டிக்கொள்ளுங்கள். அங்கேயே ஆற்றல் எண்ணும் கோப்பும் இருக்கிறது. அதைச் சாதாரண யூசரால் படிக்க முடியவில்லை என்றால் வியக்க வேண்டாம். 2020 நவம்பரில் வெளியான பிளாட்டிபஸ் தாக்குதல், அந்த எண்ணை வைத்தே ரகசியச் சாவிகளைக் கறக்கலாம் என்று காட்டியது. அதற்குப் பிறகு ரூட்டுக்கு மட்டும்தான்.

2 ஏப்ரல் 2024

ஏஎம்டிகாரர் வந்திருக்கிறார். ரைசன், ஜென் 3, டெபியன் 12, டிரைவர் ஏசிபிஐ என்று காட்டுகிறது, மூன்றே மூன்று வேகப்படிகள். ஏமாற்றமாக இருக்கிறதாம்.

டெபியன் 12இன் கெர்னல் 6.1. ஏஎம்டி பி-ஸ்டேட் 5.17இலேயே வந்துவிட்டது, ஆனால் கேட்காமல் வராது. பூட் வரியில் (தொடங்கும்போதே கெர்னலுக்குக் கொடுக்கும் அமைப்பு வரி) ஏஎம்டி பி-ஸ்டேட்டுக்குப் பேசிவ் என்று கொடுக்க வேண்டும். ஈபிபியோடு கூடிய ஆக்டிவ் மோடு 6.3இல், கைடட் என்ற நடுவழி 6.4இல். 6.5 முதல் ஆக்டிவ்தான் தானாக வருகிறது. கைடட் எனக்குப் பிடித்த யோசனை. கெர்னல் கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் சொல்லும், நடுவில் எங்கே ஓடுவது என்பதைச் சில்லு பார்த்துக்கொள்ளும்.

வராவிட்டால் பயாஸில் சிபிபிசி (சில்லு தன் வேகத் திறனைக் கெர்னலுக்குச் சொல்லும் வசதி) அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தகவல் இல்லாமல் இந்த டிரைவர் ஏறாது. சில லேப்டாப் பயாஸ்களில் அந்த மெனுவே இருக்காது. அப்போது கையில் இருக்கும் மூன்று படியோடு ஸ்கெட்யூடில் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று படி என்றால் கேவலம் இல்லை, மேல் படிக்குப் பின்னால் பூஸ்ட் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

ஸ்கெட்யூடில் கணக்கு எளிது: ஷெட்யூலர் (கோர்களுக்கு வேலையைப் பங்கிடும் கெர்னல் பகுதி) தரும் பயன்பாட்டு அளவை உச்ச வேகத்தோடு பெருக்கி, மேலே ஒன்றேகால் மடங்கு. அதாவது சுமை 80 சதவீதத்தைத் தொடும்போதே உச்சத்தைக் கேட்டுவிடும். ஆன்டிமாண்ட் போல அவ்வப்போது எட்டிப் பார்த்துச் சுமையை அளப்பது கிடையாது. கெர்னல் 4.7இல், 2016இல் வந்தது. பெரிய கோர், சின்னக் கோர் என்று கலந்து வைத்திருக்கும் ஆர்ம் சில்லுகளில் ஆற்றல் பார்த்து வேலையைப் பங்கிடும் வசதி கெர்னலில் இருக்கிறதே, அதற்கு ஸ்கெட்யூடில் இல்லாமல் நடக்காது.

21 ஏப்ரல் 2024

என்ன செய்தாலும் 400 மெகாஹெர்ட்ஸைத் தாண்டவில்லை என்கிறவருக்கு.

டிரைவர், கவர்னர், ஈபிபி எல்லாம் சரி என்று நீங்கள் ஒட்டியதில் தெரிகிறது. ஒரு கேள்வி: சார்ஜர் அதோடு வந்ததா, வெளியில் வாங்கியதா?

மைத்துனர் லேப்டாப் இப்படித்தான் வந்தது. விண்டோஸை மூன்று முறை மாற்றிப் போட்டுவிட்டு, கடைசியில் "லினக்ஸ் போட்டுத் தா, வேகமாக இருக்குமாமே" என்று என் தலையில் கட்டினார். லினக்ஸிலும் அதே 400. வெளிச் சார்ஜரை அடையாளம் தெரியாததால் போர்டு, செயலியின் ப்ரோக்ஹாட் என்ற இணைப்புக் காலை அழுத்திப் பிடித்திருக்கிறது. 'சூடாகிவிட்டேன், மெதுவாகப் போ' என்பதற்கான கால் அது. சூடே இல்லாமல் வெளியிலிருந்தும் அதை இழுக்கலாம். பழுதான பேட்டரி, பழுதான சென்சார் இருந்தாலும் இதே கதைதான். சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டினால் வேகம் வந்துவிட்டது. அன்றே தெரிந்துவிட்டது.

எம்எஸ்ஆர் (செயலியின் உள் அமைப்பு ரெஜிஸ்டர்கள்) கருவிகளை வைத்து, பதினாறடிமானத்தில் 1எஃப்சி என்ற ரெஜிஸ்டரின் கடைசி பிட்டை 0 ஆக்கினால் வெளிச் சமிக்ஞையைச் செயலி கண்டுகொள்ளாது. அதன் சொந்தச் சூட்டுப் பாதுகாப்பு அப்படியே இருக்கும். ஆனால் சார்ஜருக்கு நிஜமாகவே வாட் போதாமல் போர்டு கத்திக்கொண்டிருந்தால் அதன் வாயைப் பொத்துகிறீர்கள். செக்யூர் பூட் போட்டிருந்தால் கெர்னல் லாக்டவுன் என்ற பூட்டு இந்த எழுத்தையே அனுமதிக்காது. சரியான சார்ஜர் வாங்குவது மலிவு.

5 மே 2024

இழை முழுக்க வேகத்தையே சுற்றிச் சுற்றி வருகிறது. பேட்டரி நிற்கவில்லை என்று வருகிறவர்களுக்கு வேகம் பெரும்பாலும் இரண்டாம் பட்சம். லேப்டாப் பெரும்பாலான நேரம் சும்மாதான் இருக்கிறது. அந்தச் சும்மா எவ்வளவு ஆழம் என்பதுதான் கணக்கு. அது சிபியுஐடில் என்ற தனித் துறை.

கோருக்கு வேலை இல்லையென்றால் கெர்னல் அதை ஏதாவது ஒரு சி-ஸ்டேட்டில் (தூக்க நிலை) படுக்க வைக்கும். ஆழமான தூக்கம் அதிகம் மிச்சம், ஆனால் எழ நேரம் ஆகும். எவ்வளவு நேரம் தூங்கக் கிடைக்கும் என்று ஊகிப்பது இங்கே உள்ள கவர்னரின் வேலை. மெனு என்ற பெயருடைய கவர்னர் வழக்கமானது, டிஇஓ என்பது கெர்னல் 5.1இல் வந்த மாற்று. என் இயந்திரத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முயன்று கைவிட்டேன்.

கோர்கள் தூங்குவது போதாது, மொத்தச் சில்லும் தூங்க வேண்டும். டர்போஸ்டாட்டின் வலது கோடியில் பிகேஜி பிசி2, பிசி8 என்று பத்திகள் இருக்கும். ஆழமான பத்திகள் எல்லாம் 0 என்று இருந்தால், ஏதோ ஒரு சாதனம் விடவில்லை என்று பொருள். வீட்டில் கைக்குழந்தை ஒன்று விழித்திருந்தால் மற்றவர்கள் தூங்கின மாதிரிதான். எஸ்எஸ்டியின் இணைப்பு, மெமரி கார்டு படிப்பான், யூஎஸ்பியில் செருகி மறந்த டாங்கிள் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பவர்டாப் ஓடவிட்டால் எது அடிக்கடி எழுப்புகிறது என்று பட்டியல் தரும். அதன் ஆட்டோ-ட்யூனை (எல்லாச் சிக்கன அமைப்பையும் ஒரேயடியாகப் போடும் வசதி) மட்டும் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள், யூஎஸ்பி மவுஸ் தூங்கிவிட்டு எழ மறுக்கும்.

6 மே 2024

"சி-ஸ்டேட்டை 1க்கு மேல் போகாமல் நிறுத்தினால் ஹேங் ஆகாது" என்ற பூட் வரியை ஒருவர் எல்லோருக்கும் சிபாரிசு செய்கிறார். அது பே டிரெயில் ஆட்டம் சில்லுகளுக்கு எழுதிய கஷாயம். ஆழத் தூக்கத்துக்குப் போனால் மொத்தமாக உறைந்துவிடும் நோய் அவற்றுக்கு இருந்தது, மாற்று வழி தெரியாமல் மக்கள் தூக்கத்தையே தடை செய்தார்கள். உங்களுடையது பதினோராம் தலைமுறை. பூட் வரியிலிருந்து எடுத்துவிடுங்கள், பேட்டரி நேரம் திரும்பி வரும்.

ஒலிப்பதிவு செய்கிறவர்களுக்கு மட்டும் சலுகை. துண்டு துண்டாக ஒலி வெட்டினால் ஆழத் தூக்கம் ஒரு சந்தேக நபர்தான். அப்போதும் பூட் வரி வேண்டாம். சிபியு டிஎம்ஏ லேட்டன்சி என்ற டிவைஸ் கோப்பைத் திறந்து, இவ்வளவு மைக்ரோசெகண்டுக்கு மேல் தாமதம் கூடாது என்று எழுதி, கோப்பைத் திறந்தபடியே வைத்திருந்தால் போதும். மூடியதும் சலுகை முடிந்துவிடும். பதிவு நேரத்துக்கு மட்டும் விழித்திருக்கும்.

15 ஜூன் 2024

பெண்டியம் 4 வைத்திருக்கும் அன்பர் ஒருவர் (ஆம், 2024இல்) பி4-க்ளாக்மாட் டிரைவரைப் போட்டுச் சிக்கனம் செய்வதாக எழுதியிருக்கிறார். அது வோல்டேஜைத் தொடவே தொடாது, கடிகாரத் துடிப்புகளை இடையிடையே விழுங்கிவிட்டு மெதுவாக ஓடுவது போல் காட்டும். வேலை மெதுவாகும், மிச்சம் ஏதும் பெரிதாக இல்லை. விதிவிலக்கான நிலையில் மட்டும் பயன்படுத்துங்கள் என்று கெர்னலின் உதவிக் குறிப்பே எச்சரிக்கிறது. வேண்டுமானால் ராத்திரியில் அணைத்து வையுங்கள், அதைவிடப் பெரிய சிக்கனம் அந்த இயந்திரத்தில் கிடையாது.

16 ஜூன் 2024

வாடகை சர்வரில் சிபியுஃபிரெக் டைரக்டரியே இல்லை, எந்த மாட்யூல் போடுவது என்று கேட்டவருக்கு: எதுவும் வேண்டாம். விர்ச்சுவல் மெஷினுக்குள் இருக்கிறீர்கள், வேகம் ஹோஸ்ட்டின் (அதைத் தாங்கும் நிஜ இயந்திரம்) கையில். உள்ளே இருந்து ஏசிபிஐ டிரைவரை எத்தனை முறை ஏற்றினாலும் சாதனம் இல்லை என்றே திரும்பும். மெதுவாக இருக்கிறது என்றால் டாப் கட்டளை போட்டு ஸ்டீல் (உங்களுக்குக் கிடைக்காமல் வேறிடம் போன செயலி நேரம்) எண்ணைப் பாருங்கள். அது ஏறிக்கொண்டே போனால் பக்கத்து வீட்டுக்காரர் செயலியைத் தின்கிறார், கெர்னல் கான்ஃபிக்கால் அவரை ஒன்றும் செய்ய முடியாது. சர்வர் விற்றவருக்கு டிக்கெட் போடுங்கள்.